பொன்னுத்தாய் போட்ட ஸ்விட்ச்

கீரனூரில் ஐந்தே முக்கால் டவுன் பஸ்ஸைப் பிடித்தால் ஆறு பத்துக்கெல்லாம் மாத்தூரில் இறங்கிவிடலாம். பொன்னுத்தாய் பதினோரு வருஷமாக அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். தொழிற்பேட்டைக்குள் பாய்லருக்கு வேண்டிய பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. கீழே பட்டறை, மேலே ஆபீஸ். பட்டறையைக் கூட்ட வேறு ஆள் உண்டு. மாடி மட்டும் பொன்னுத்தாயின் பொறுப்பு. கூட்டி, துடைத்து, கக்கூஸ் கழுவி, தண்ணீர் கேன் மாற்றி, ஒன்பது மணிக்கு ஆட்கள் படியேறும்போது தரை காய்ந்திருக்க வேண்டும். மாடிச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். மேனேஜர் திருமுருகன் அதை அவளை நம்பிக் கொடுத்து எட்டு வருஷம் ஆகிறது.

அந்த மாடியில் அவள் தொடாத பொருள் கம்ப்யூட்டர் ஒன்றுதான். சேர்ந்த புதிதில் துடைப்பக் கம்பு மாட்டி ஒரு பிளக் கழன்று வந்துவிட்டது. யாரோ முந்தின நாள் முழுக்கச் செய்த வேலை அதோடு போய்விட்டதாம். திருமுருகன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மறந்திருப்பாள். "இனிமே மிஷின் பக்கம் கையே போகக்கூடாதும்மா" என்று எல்லோர் முன்னாலும் மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து மேஜையைத் துடைத்தாலும் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு சாண் விட்டுத்தான் துடைப்பாள்.

கலைமதி அந்த ஆபீஸில் டிராயிங் போடுகிற பெண். ஊர் அறந்தாங்கிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் மாத்தூரிலேயே ஹாஸ்டலில் தங்கியிருந்ததால் எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் கால் வைக்காமல், தரை காயும்வரை மேல்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். உள்ளே போய் உட்காருங்கம்மா, நான் மறுபடி துடைச்சுக்கிறேன் என்று பொன்னுத்தாய் சொன்னாலும் கேட்கமாட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மாடியில் அப்படிக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோபிநாத்தும் அறந்தாங்கிப் பக்கம்தான், கத்தாரில் வேலை. இரண்டு மாத லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போனார். அடுத்த லீவுக்குப் பின் கலைமதி உண்டானாள். ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு கிராம் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததாம். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வருஷத்துக்குக் கூட்டத்துக்குள் கொண்டு போகக்கூடாது, தாயை விட்டு விலக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்க, திருமுருகனும் சரி என்றுவிட்டார். இவ்வளவும் பொன்னுத்தாய்க்கு அங்கங்கே காதில் விழுந்ததுதான். வீட்டிலிருந்து எப்படி ஆபீஸ் வேலை செய்வார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை ஆறு முப்பத்தைந்துக்கு ஆபீஸ் போன் அடித்தது. அந்த நேரத்தில் அது அடித்ததே இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"பொன்னுத்தாயிக்கா, நான் கலைமதி பேசுறேன். ராத்திரி அங்கிட்டு கரண்ட் போச்சா?"

போய்விட்டு விடியற்காலைதான் வந்தது என்று வாட்ச்மேன் சொன்னதாகச் சொன்னாள். பேட்டரி தாங்காமல் தன் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது, யாராவது ஸ்விட்சைப் போட்டால்தான் வீட்டிலிருந்து அதற்குள் போக முடியும் என்றாள் கலைமதி.

"நான் அதைத் தொடக்கூடாதும்மா" என்றாள் பொன்னுத்தாய்.

 கலைமதி தன் பாட்டைச் சொன்னாள். பிள்ளை ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கிறது. காலைப் பாலைக் குடித்துவிட்டு ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் அசந்து தூங்குகிறது. வேலை செய்யக் கிடைக்கிற நேரம் அந்த மூன்று மணிதான். மாமியார் காட்டு வேலைக்குப் போய்விடுகிறார். ஒன்பது மணிக்கு ஆபீஸில் ஆள் வந்து ஸ்விட்சைப் போடும்போது இங்கே பிள்ளை எழுந்துவிடும். பத்து மணிக்குள் ஒரு டிராயிங் பட்டறைக்கு இறங்க வேண்டும்.

அவள் கெஞ்சவில்லை. நிலவரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பொன்னுத்தாய் ஜன்னலோரத்து மேஜையைப் பார்த்தாள். பிறகு போய், கலைமதி சொன்ன பொத்தானை அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரை நீலமாகி, கட்டம் போட்டு எதையோ கேட்டது.

போன் ஒரு மேஜையில், கம்ப்யூட்டர் இன்னொரு மேஜையில். வயர் எட்டவில்லை. அவள் திரும்பி வந்து, என்னமோ கேட்குதும்மா என்றாள். கலைமதி தயங்கினாள். அது ஆறு எண்கள். அதைப் போட்டால்தான் மிஷின் திறக்கும். டிராயிங் எல்லாம் பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சொந்தம், அதனால் அந்த எண்ணை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பொன்னுத்தாயிடமும் அதை மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணையும் சொல்லத் தொடங்கினாள்.

"மூணு மூணாச் சொல்லுங்கம்மா. அம்புட்டையும் ஒண்ணா என்னால தூக்கிட்டுப் போக முடியாது" என்றாள் பொன்னுத்தாய். மூன்று எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய் ஒற்றை விரலால் அழுத்தினாள். வந்து அடுத்த மூன்றை வாங்கிப் போனாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எண்கள் அவளை ஏமாற்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். ஓடிப்போய்ப் போனில் சொன்னதும் கலைமதி சிரித்தாள். "நான்தான்க்கா. பயப்படாதீங்க. ரோட்டுக்கடியில நமக்கு மட்டும் ஒரு வழி போட்ட மாதிரி, இங்கிருந்து அங்க வரைக்கும். வேற யாரும் அதுல வர முடியாது."

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மின்சாரம் போகும். அன்றைக்கெல்லாம் ஆறு முப்பத்தைந்துக்குப் போன் வரும். இரண்டாம் முறையிலேயே எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொன்னுத்தாய் அதை எங்கும் எழுதி வைக்கவுமில்லை. மிஷின் முழுசாக எழும்ப ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷம் இருவரும் பேசுவார்கள். குழந்தைக்குப் பிரகதாம்பாள் என்று பெயர் வைத்திருப்பதையும், வீட்டில் பிரகதா என்று கூப்பிடுவதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். எடை இவ்வளவு ஏறியிருக்கிறது, நேற்று என் முகத்தையே பார்த்தாள், இன்றைக்குக் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று கலைமதி சொல்வாள். பேச அவளுக்கு ஆளில்லை என்று பொன்னுத்தாய்க்குப் பட்டது. கத்தாரில் இருப்பவரிடம் கவலையைச் சொன்னால் அங்கே அவர் சோறு இறங்காமல் கிடப்பார். மாமியாரிடம் சொன்னால் சாமிக்கு நேர்ந்துகொள்வார். பொன்னுத்தாயிடம் சொன்னால், உம், உம் என்று கேட்டுக்கொள்வாள்.

மின்சாரம் போகாத நாளில் போன் வராது. ஆனாலும் அந்த மேஜையைத் துடைக்கும்போது திரையைப் பார்ப்பாள். அம்பு நகர்ந்துகொண்டிருக்கும். கோடுகள் ஒவ்வொன்றாக விழும், வட்டங்கள் விழும், பக்கத்தில் எண்கள் வரும். அம்பு நகர்கிறதென்றால் பிள்ளை தூங்குகிறது. சட்டென்று நடுவில் நின்றால் முழித்துக்கொண்டது. மறுபடி நகர்ந்தால் தட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆளில்லாத மாடியில் ஒரு வீட்டின் காலைப்பொழுது நடப்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஆவணியில் ஐந்து நாள் அம்பு நகரவில்லை. மிஷின் எரிந்துகொண்டுதான் இருந்தது. பொன்னுத்தாய் முதல் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வேலை முடிந்தும் கிளம்பாமல், டீ வாங்கிக் கொடுக்கிற சாக்கில் நின்று, கலைமதியம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். பிள்ளைக்கு மூச்சு வாங்கி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம் என்றார்கள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பொன்னுத்தாய்க்கும் முதலில் பிறந்தது பெண்தான். எட்டு மாதத்தில் பிறந்தது. ஒன்பதாம் நாள் விடியலில், மடியில் இருக்கும்போதே மூச்சு நின்றது. அடுத்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, ஒருவன் திருப்பூரிலும் ஒருவன் ஓசூரிலும் இருக்கிறார்கள். அவள் கணவன் சந்தனம் கொத்தனார், அதிகம் பேசாத மனுஷன். அந்த ஒன்பது நாளைப் பற்றி அவர்கள் இருவரும்கூடப் பேசிக்கொண்டதில்லை.

ஆறாம் நாள் போன் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொல்லும்போதே கலைமதி உடைந்துவிட்டாள். பொன்னுத்தாய் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்து கிடப்பவளிடம் சொல்லக்கூடிய கதையா அது? "கொறைமாசப் பிள்ளைங்க கெட்டிங்கம்மா. பெட்டிக்குள்ள இருந்தே சண்டை போட்டு வந்தவ. நீங்க மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க. மிஷினு எங்கயும் ஓடிடாது" என்றாள். கலைமதி எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரும்வரை லைனிலேயே இருந்தாள்.

ஐப்பசியில் அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். டிராயிங் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர்கள். கலைமதியின் கம்ப்யூட்டரை நோண்டியதில், அவள் வீட்டில் இருக்கிற நாட்களில், காலை ஆறு நாற்பதுக்கு யாரோ நேரில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுத் திறந்திருப்பது தெரிந்துவிட்டது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது முறைக்கு மேல். அந்த நேரத்தில் மாடியில் இருப்பது ஒரே ஆள்தான்.

திருமுருகன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் முகம் வாடியிருந்தது. நீயா போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள். எண் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

பொன்னுத்தாய்க்கு எல்லாம் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வழியை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் கலைமதிக்கு வேலை போகும். வேலை போனால், எந்நேரமும் பிள்ளையின் மூச்சையே எண்ணிக்கொண்டு அந்தப் பெண் நாலு சுவருக்குள் கிடப்பாள். அந்த மூன்று மணி நேரம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பது பொன்னுத்தாய்க்குத் தெரியும்.

"அந்தம்மா லீவு போடுறதுக்கு முன்னாடி, அடிக்கிறப்பப் பாத்து வச்சிருந்தேன் சார். சும்மா, என்னதான் இருக்குன்னு பாக்கத்தான்" என்றாள்.

திருமுருகன் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. அவளையே வெகுநேரம் பார்த்தார். வெளியே அந்தக் கம்பெனி ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில், சாவியைக் கொடுத்துவிட்டுப் போம்மா, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

சந்தனத்திடம் வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். அவர், "நீ தப்புப் பண்ணிருக்க மாட்ட" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாளும் நாலு மணிக்கே முழிப்பு வந்தது. எழுந்து குளித்து, பஸ் போகிற சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். முகூர்த்த நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். கலைமதியின் செல் நம்பர் அவளிடம் இல்லை. அவள் நம்பரும் கலைமதியிடம் இல்லை. இருந்த ஒரே வழி அந்த ஆபீஸ் போன்தான்.

ஐந்தாம் நாள் வாட்ச்மேன் பிச்சை போன் பண்ணி, சார் கூப்பிடுகிறார், உடனே வா என்றார்.

போனபோது திருமுருகன் அறையில் அவர் கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கலைமதியின் முகம் இருந்தது. கண் வீங்கியிருந்தது. தோளில் ஒரு சின்னத் தலை சாய்ந்திருந்தது, நீலக் குல்லாயோடு. பொன்னுத்தாய் அந்தக் குழந்தையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். திருமுருகன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

கலைமதி இரண்டு நாள் கூப்பிட்டும் ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லையாம். மூன்றாம் நாள் பிச்சை எடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். உடனே திருமுருகனைக் கூப்பிட்டு, எண்ணைச் சொன்னது நான்தான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, எனக்காக நீங்க திருடிங்கற பேரை வாங்கிட்டுப் போயிருக்கீங்க. அந்த வேலையில நான் எப்படி உக்கார முடியும்?" என்றாள் திரையிலிருந்து.

 பொன்னுத்தாய் குல்லாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குல்லாய்க்குக் கீழே ஒரு காது தெரிந்தது.

திருமுருகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். விதி விதிதான், கலைமதியின் இணைப்பை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன், நீ நாளையிலிருந்து வழக்கம்போல வா என்று சொல்லிச் சாவியை மேஜையின் மேல் தள்ளினார்.

பொன்னுத்தாய் சாவியைத் தொடவில்லை. அவரிடம் அவள் எதிர்த்து ஒரு பேச்சுப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"அந்தப் பிள்ளை லைனை நிப்பாட்டிட்டு எனக்குச் சாவி குடுத்தா, எனக்கு அது வேணாம் சார். கரண்ட் போனா யார் போடுவான்னு யாரும் ரோசிக்கலை. அது கேட்டுச்சு, நான் போட்டேன். இதுல கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல."

 திரையில் குழந்தை லேசாகச் சிணுங்கியது. திருமுருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் ரோசிக்கலைதான். வீட்ல இருந்து செய்யின்னு சொன்னவன் நான். ரோசிச்சிருக்க வேண்டியவனும் நான்தான்" என்றார். பிறகு, நிரந்தரமாக நிறுத்தவில்லை, சரிசெய்துவிட்டுத் திறக்கிறேன், மூன்று வாரம் பொறுங்கள் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். அதன் பிறகுதான் பொன்னுத்தாய் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். அந்தப் பெரிய கம்பெனிக்குத் திருமுருகன் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினார். கலைமதிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் போனது. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

மூன்று வாரம் சொன்னது ஐந்து வாரமானது. புது பேட்டரி வந்தது. கலைமதியின் கம்ப்யூட்டரை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, பூட்டு போட்ட ஒரு சின்ன அறையில் வைத்தார்கள். மின்சாரம் போய் வந்தால் அது தானே எழும்பிக்கொள்ளுமாம், யாரும் எதையும் அழுத்த வேண்டாமாம். கார்த்திகை மாதம் கலைமதி மறுபடி வேலையைத் தொடங்கினாள் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

பொன்னுத்தாய்க்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆறு முப்பத்தைந்துக்குக் கை தன்னால் நின்றது. போன் அடிக்கவில்லை. ஜன்னலோரத்து மேஜை வெறுமையாக இருந்தது. இப்போது அதை ஓரம்வரை துடைக்க முடிந்தது. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது போல இருந்தது.

பத்து நாள் கழித்து அவள் செல்லில் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. பிச்சையிடம் நம்பர் வாங்கினேன் என்றாள் கலைமதி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று பொன்னுத்தாய் கேட்கவில்லை.

கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து ஒரு மினி பஸ். போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. கலைமதி வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸில் பார்த்ததைவிட பாதியாக இளைத்திருந்தாள். மாமியார், இவங்கதானா அது என்று கேட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பொன்னுத்தாய் முதலில் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதன் பிறகுதான் குழந்தையை வாங்கினாள். அது அவளை முறைத்துப் பார்த்தது. பிறகு அவள் மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டியது. இன்னும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டவே இல்லை, பயமாக இருக்கிறது, ஈரத்துணியால் துடைத்துத்தான் எடுக்கிறேன் என்றாள் கலைமதி. டாக்டர் ஊற்றலாம் என்று சொல்லி இரண்டு மாதமாயிற்றாம்.

வெந்நீர் போட்டு, பதம் பார்த்து, பொன்னுத்தாய் கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிரகதாவைக் குப்புறக் கால்மேல் போட்டுக்கொண்டாள். முதல் சொம்பு முதுகில் விழுந்ததும் குழந்தை வீறிட்டது. கலைமதி பதறி எழுந்தாள். "உக்காருங்கம்மா. நல்லாத் தொண்டை தொறந்து அழுறா, கேளுங்க" என்றாள் பொன்னுத்தாய். இரண்டாவது சொம்பில் அழுகை குறைந்தது. நாலாவதில் நின்றுவிட்டது. வெந்நீர் வழிகிற சுகத்தில் குழந்தை கண்ணைச் செருகியது. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை அவள் காலில் கிடந்தது. பொன்னுத்தாய் முகத்தை ஒருமுறை தோளில் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்திருக்கும் என்று கலைமதி நினைத்திருப்பாள்.

துவட்டி, பால் குடிக்க வைத்து, படுக்கப் போட்டதும் பிரகதா அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். பக்கத்தில் சும்மா சாய்ந்த கலைமதியும் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். மாமியார் எழுப்பப் போனார். வேண்டாம் என்று பொன்னுத்தாய் கையைக் காட்டினாள். இருவரும் அடுப்படிக்குப் போய், சத்தம் போடாமல் சமைத்தார்கள்.

கலைமதி மூன்று மணிநேரம் தூங்கினாள். எழுந்தபோது பொன்னுத்தாய் நாலு மணி மினி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள். அடுத்த ஞாயிறு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா என்று கலைமதி கேட்டாள். குளிர் காலத்தில் எண்ணெய் வேண்டாம், வெயில் வரட்டும், ஆனால் வருகிறேன் என்றாள் பொன்னுத்தாய்.